இன்னும் மூன்று சுவர் பாக்கி

அனுப்புநர்
மூக்குக்கண்ணாடிக் கடை உரிமையாளர்,
தங்கள் பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர் (வேதியியல்),
முன்னாள் மாணவர் மன்றப் பேச்சாளர் பட்டியலில் முதலாவதாக உள்ளவரின் கணவர்.

பெறுநர்
உயர்திரு பதிவாளர் அவர்கள்,
நிர்வாகக் கட்டடம், முதல் தளம்.

பொருள்: ஞாயிறுதோறும் என் மனைவி உரையாற்ற அழைக்கப்படுவது – குறைத்துக்கொள்ள வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. அகதிகள் முகாம்களை நடத்தியும், சண்டையிட்ட தரப்பினரை ஒரே மேசையில் உட்காரவைத்தும் முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றிய என் மனைவி, சென்ற ஆண்டு ஓய்வு பெற்று வீடு திரும்பினார். அதுவரை நாங்கள் தொலைபேசியில்தான் குடும்பம் நடத்தினோம். என் கடைக்கு ஞாயிறு மட்டுமே விடுமுறை. அன்று இருவருமாகப் பின்னறைக்கு வர்ணம் அடிப்பதென முடிவாயிற்று. எனக்கு உயரம் ஆகாது. அவர் அடிப்பார், நான் ஏணியைப் பிடிப்பேன். ஒரு சுவர் முடிந்தது. வெளிர்பச்சை, நன்றாகவே வந்திருக்கிறது.

2. இரண்டாம் சுவரைத் தொடங்குமுன் தங்கள் மன்றத்தின் அழைப்பு வந்தது. ‘உலகப் பணியில் நம்மவர்’ என்னும் ஞாயிறு அரங்கில் உரையாற்ற வேண்டுமாம். மகிழ்ச்சியோடு அனுப்பிவைத்தேன். அதன்பின் இன்றுவரை நாற்பத்து மூன்று அழைப்புகள். பெயின்ட் டப்பாவில் ஆடை படிந்துவிட்டது.

3. இப்பணிக்குத் தகுதியானவர் வேறு எவரும் இல்லையா எனில், இருக்கிறார். என் மனைவியின் வகுப்புத் தோழர் ஒருவர் மூன்று நாடுகளில் தூதராக இருந்தவர். தமக்குக் காது சரியாகக் கேட்பதில்லை என்று தங்கள் அலுவலகத்தில் கூறி நழுவிவிட்டார். அடுத்த அறையில் தேநீர்க் கோப்பை வைக்கும் ஓசை அவருக்குத் தெளிவாகக் கேட்பதை நேரில் கண்டவன் நான். என் மனைவிக்கோ மறுக்கத் தெரியாது. “பசங்க ஆசையா கேக்குறாங்க, எப்படிங்க மாட்டேன்னு சொல்றது?” என்கிறார்.

4. அரங்கை நிறுத்துங்கள் என்று எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். நியாயமாக இருக்கட்டுமே என்று சென்ற மாதம் ஒருமுறை வந்து கடைசி வரிசையில் அமர்ந்தேன். பேச்சுவார்த்தை முறிந்துபோனால் என்ன செய்வீர்கள் என்று ஒரு மாணவி கேட்டார். “வீட்டுக்குப் போன் போட்டு, இன்னைக்கு எத்தனை கண்ணாடி வித்துதுன்னு கேப்பேன். அவரு சொல்லச் சொல்ல மனசு அடங்கிடும். மறுபடி உள்ள போயிடுவேன்” என்றார் என் மனைவி. ஃபிரேம் கதை பேசி அவர் நேரத்தை வீணடித்தேனே என்று இத்தனை காலம் வருந்தியவன் நான், ஐயா. அன்று கண் கலங்கியது. அரங்கு நடக்கட்டும்.

5. எனவே மாதத்தில் [இரண்டு] ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் அவரை வீட்டிற்கு விட்டுத்தருமாறு வேண்டுகிறேன். இரு தரப்பும் இன்னும் ஒப்புக்கொள்ளாத சொல்லைச் சதுர அடைப்புக்குள் வைப்பது சமரசம் பேசும் தொழிலின் வழக்கமாம். இம்மனுவின் வரைவைப் படித்த என் மனைவி அச்சொல்லுக்கு அடைப்புப் போட்டு, “யோசிக்கணும்” என்று கூறிச் சென்றார். நான்கு நாட்களாக யோசித்துக்கொண்டிருக்கிறார். ‘கோருகிறேன்’ என்பதை ‘வேண்டுகிறேன்’ என மாற்றியதும் அவரே.

6. என்னை எந்த அரங்கிற்கும் அழைத்ததில்லை என்பது என் குறை அல்ல. எனக்கு ஏணி பிடிக்கும் வேலை போதும். அதற்குத் தாங்கள் வழிசெய்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நாள்: ஞாயிறு, காலை
இடம்: பின்னறை

இப்படிக்கு,
(ஒப்பம்)
மேற்படி கணவர்

பின்குறிப்பு: உறையில் இடுமுன் பார்த்தேன். ஐந்தாம் பத்தியில் அடைப்புகள் சிவப்புப் பென்சிலால் அடிக்கப்பட்டு, ‘இரண்டு’ என்பதன் மேல் ‘மூன்று’ என்று எழுதப்பட்டுள்ளது. கையெழுத்து என்னுடையதல்ல. ஆயினும் திருத்தத்தை முழுமனதுடன் ஏற்கிறேன். இன்றைய அரங்கிற்கு வர இயலாதென்றும், காது சரியாகக் கேட்கவில்லை என்றும் தங்கள் அலுவலகத்திற்கு என் மனைவி தொலைபேசியில் தெரிவித்ததைச் சற்றுமுன் அடுத்த அறையிலிருந்து கேட்டேன். ஏணியைப் பிடிக்கக் கூப்பிடுகிறார். போக வேண்டும்.