ஒன்று அழுத்தினால்

ஜூலை 8, 2024, திங்கள்
ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் கர்ப்பிணிகளுக்கு எங்கள் மருத்துவ ஆய்விலிருந்து இன்றும் குறுஞ்செய்தி போனது. கால் வீக்கம், தலைவலி, கண் மங்கல் ஏதாவது உண்டா? ஆம் என்றால் 1, இல்லை என்றால் 2. மதியத்துக்குள் பதில்கள் குவிந்துவிட்டன. எல்லாமே 2. நாள் முழுக்க தையல் மெஷினில் குனிந்திருக்கிற இவர்களில் ஒருத்திக்குக்கூடவா தலை வலிக்காது? ஆய்வுப் பொறுப்பாளர் டேனியல் சாரிடம் சொன்னேன். எல்லாரும் பதில் போடுகிறார்களே ஜாஸ்மின் என்று சந்தோஷப்படுகிறார். எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

ஜூலை 10
நேரில் போய்ப் பார்க்கட்டுமா என்று டேனியல் சாரிடம் கேட்டேன். நேரில் போவதென்றால் மெசேஜ் எதற்கு என்கிறார். சரி, யாராவது 1 போட்டால் நாம் என்ன செய்வோம்? கணினியில் ஏறும். அவ்வளவுதான். எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

ஜூலை 15, திங்கள்
மறுபடியும் எல்லாம் 2.

ஜூலை 17
யாரிடமும் சொல்லாமல் தையல் பிரிவுத் தமிழினியின் வீட்டுக்குப் போனேன். அவள் இல்லை. வளைகாப்பு முடிந்து கணியம்பாடிக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாளாம். எங்களிடம் பதிவாகியிருப்பது அவள் கணவர் மதியழகனின் எண். அப்படியென்றால் பதில் போட்டது?

"நான்தான் சிஸ்டர். மாசமா இருக்கிறவளுக்கு அது இருக்கு, இது இருக்குன்னு நம்ம கையாலயே போடலாமா? நல்லதாவே இருக்கட்டும்னு ரெண்டு போட்டேன்."

அவர் போனிலேயே தமிழினியின் அம்மா பட்டம்மாளைக் கூப்பிடச் சொன்னேன். வீக்கம் ஜாஸ்தி, செருப்பே ஏறவில்லை, ரெண்டு நாளாகத் தலைவலி, எல்லாருக்கும் வருவதுதானே என்றாள். அய்யோ, இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

ஜூலை 18
ரத்த அழுத்தம் எகிறியிருந்ததாம். தமிழினி பிழைத்துக்கொண்டாள். குழந்தை இல்லை.
எட்டாம் மாதம். சே.

ஜூலை 24
கேள்விகளை அடுத்த வருஷம் மாற்றலாம் என்று டேனியல் சார் சொல்கிறார். அடுத்த வருஷமாம்.

ஆகஸ்ட் 5, திங்கள்
தமிழினிக்கு எதுவும் அனுப்ப வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். பிரசவமானவர்களுக்கான செய்தி இன்று போயேவிட்டது. காய்ச்சல் உண்டா? பதில், 1.

பதறிப்போய் போன் செய்தேன். மதியழகன்தான் எடுத்தார். அவரும் இப்போது கணியம்பாடியில்தான் இருக்கிறார்.

"ஜுரம்லாம் இல்ல சிஸ்டர். யார்கிட்டயும் பேச மாட்டேங்கிறா. சாப்பாடும் கம்மி. அதுக்குப் போட நீங்க நம்பர் எதுவும் குடுக்கல. ஒன்னு போட்டா யாராச்சும் வருவீங்கன்னு போட்டேன்."

தவறான பதில், நீக்கிவிடு என்றார் டேனியல் சார். நான் நீக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். கணியம்பாடி பஸ்ஸில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். அவளிடம் போய் என்ன பேசுவது என்று இன்னும் தெரியவில்லை.