ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க

தருமபுரி
ஜனவரி 18

அன்பு மகள் அன்ஜுமுக்கு அப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். கிளாஸ்கோ குளிரில் உன் உடம்பையும் படிப்பையும் அல்லாஹ் காப்பாற்றட்டும். இங்கே நாங்கள் எல்லோரும் நலம் என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறேன், அடித்தது உனக்கே தெரியும். உன் அம்மா நலம், முழங்கால் வலி மட்டும் பழையபடி. நான் நலமா இல்லையா என்பதை இதைப் படித்துவிட்டு நீயே சொல். வீட்டில் பேசுவது உருது என்றாலும் எனக்கு எழுத வருவது தமிழ்தான், அதிலும் பிழை இருக்கும், பொறுத்துக்கொள். போனில் சொல்ல மூன்று முறை பார்த்தேன், மூன்று முறையும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அதனால் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் மூக்குக்கண்ணாடிப் பெட்டிகளை ஓரம் தள்ளிவிட்டு எழுதுகிறேன்.

நவம்பரில் ஒரு நாள் உன் ஆராய்ச்சி என்னவென்று கேட்டேன், நினைவிருக்கிறதா? இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் கிரேக்க தேசத்தில் ஐயவாதிகள் என்று சிலர் இருந்தார்கள், பிர்ரோ என்பவர் அவர்களுக்கு முன்னோடி, ஒரு விஷயத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சமமாக நியாயம் இருந்தால் ஆம் என்றும் சொல்லமாட்டார்கள் இல்லை என்றும் சொல்லமாட்டார்கள், தீர்ப்பை நிறுத்தி வைத்துவிட்டு எனக்கு இப்படித் தோன்றுகிறது என்பதோடு முடித்துக்கொள்வார்கள், அப்படி நிறுத்தியதும் மனசில் அமைதி வரும் என்றாய். புயலில் கப்பலில் எல்லோரும் அலறும்போது ஒரு பன்றி மட்டும் பேசாமல் தீனி தின்றதாம், பிர்ரோ அதைக் காட்டி மனுஷன் அப்படி இருக்க வேண்டும் என்றாராம். பன்றியிடம் பாடம் படிக்கவா உன்னை ஸ்காட்லாந்து அனுப்பினேன் என்று சிரித்தேன், உன் அம்மாவிடம் அந்தக் கதையை இன்றுவரை சொல்லவில்லை. அப்புறம் இந்தக் காலத்துக்கு வந்தாய். ஒரே அளவு அறிவு, ஒரே அளவு கண் உள்ள இரண்டு பேர் ஒரே இடத்தில் நின்று ஒன்றையே பார்க்கிறார்கள், ஒருவர் உண்டு என்கிறார், இன்னொருவர் இல்லை என்கிறார், தன் பேச்சிலேயே நிற்பதா, அவனுக்கும் நம் அளவு புத்தி உண்டே என்று இறங்கி வருவதா, இதில்தான் இன்றைக்கும் பேராசிரியர்கள் மோதிக்கொள்கிறார்கள் என்றாய். லைன் கட்டாகிவிட்டது என்று நீ ஹலோ ஹலோ என்றாய். லைன் கட்டாகவில்லை அன்ஜும்.

நம் கடையில் என்னோடு இருந்த என் தம்பி, உன் ஜாவீத் சாச்சா, தனிக்கடை வைக்கத்தான் பாலக்கோட்டுக்குப் போனான் என்று சொல்லி உன்னை வளர்த்தோம். அது முழு உண்மை இல்லை. நீ ஆறாவது படித்த வருஷம், இருபத்தொன்பதாம் நோன்பு திறந்த கையோடு நானும் அவனும் பிறை பார்க்க மாடிக்கு ஏறினோம். பென்னாகரம் பக்கம் வானம் முழுக்க மேகம், நடுவில் ஒரு கை அகலத்துக்கு வெளிச்சம். அதில் நகத்தால் கீறினது மாதிரி ஒரு கோடு, இரண்டு நொடி இருந்திருக்கும், மேகம் மூடிவிட்டது. பாத்தியாடா என்றேன், அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டே நின்றான். பள்ளிவாசல் ஜமாஅத்தில் எங்களை உட்காரவைத்து, பாத்தீங்களா இல்லையா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க என்றார்கள். நான் பார்த்தேன் என்றேன். அவன் இல்லை என்றான். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது, கூடப்பிறந்தவன் நாலு பேர் முன்னால் என்னைப் பொய்யன் ஆக்குகிறான் என்று. கண்ணாடிக் கடையில உக்காந்துகிட்டு இவனுக்கே கண்ணு தெரியல, நாளைக்குக் கடைக்கு அனுப்புங்க, டெஸ்ட் பண்ணி அனுப்பறேன் என்றேன். அத்தனை பேரும் சிரித்தார்கள். பிறை தெரிந்ததென்று பெருநாள் அறிவிக்க இரண்டு சாட்சி வேண்டுமே, பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் என்னைக் காட்டி, ரஷீத் பாய் சொல்றதைத்தான் நானும் பாத்தேன் என்று எழுந்தார். மறுநாள் எங்களுக்குப் பெருநாள், அவன் அன்றைக்கும் நோன்பு. உன் அம்மா கொடுத்தனுப்பிய பிரியாணி மூடி திறக்காமல் திரும்பி வந்தது. மூன்று மாதத்தில் ஊரை விட்டே போனான். பதினெட்டு வருஷம் ஆகிறது. எங்கள் அம்மாவின் ஜனாஸா தொழுகையில் ஒரே வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம், சலாம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

உன்னோடு பேசின பிறகு எனக்கு அந்த மாடியே ஞாபகமாக இருந்தது. டிசம்பர் முதல் வாரம் வலது கண்ணில் புரை மாதிரி இருக்கிறதே என்று காட்டப் போனேன். டாக்டரம்மா, புரை ஆரம்பம்தான், ஆனா உள்ள நூல் மாதிரி மிதக்குதே, வெளிச்சத்தைப் பாத்தா கோடு தெரியுமே, சொல்லவே இல்லையேங்க என்றார். தெரியும், பழகிப்போய்க் கண்டுகொள்வதில்லை. எத்தனை வருஷமாக இருக்கும் என்று கேட்டேன், அதை எப்படிங்க சொல்ல முடியும், சிலருக்குச் சின்ன வயசுலயே இருக்கும் என்றார். கடைக்கு வருகிற எத்தனை பேரிடம் இது சாதாரணம், பயப்படாதீங்க என்று நானே சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு நான் பார்த்தது வானத்தில் இருந்த கோடா என் கண்ணில் இருந்த கோடா? பிறை இல்லை என்று சொல்ல மாட்டேன், இருந்தது என்றும் இனிமேல் சொல்ல முடியாது. மறுநாள் இண்டூரிலிருந்து காவேரி என்று ஒருத்தி கடைக்குக் கண்ணாடி மாற்ற வந்தாள். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு இது தெளிவா அது தெளிவா என்றால், ரெண்டும் ஒண்ணாத்தானுங்க தெரியுது என்கிறாள். முப்பது வருஷமாக இந்தப் பதிலுக்கு எரிந்து விழுகிறவன் நான், ரெண்டுல ஒண்ணு சொல்லும்மா என்று அன்றைக்கும் அதட்டினேன். உங்களுக்காவ ஒண்ணைச் சொல்லிட்டா அப்புறம் அந்தக் கண்ணாடிய நான்தானுங்களே போட்டுக்கிட்டுத் திரியணும் என்றாள். எனக்கு அதற்குமேல் லென்ஸ் மாற்றக் கை வரவில்லை, நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

அன்றைக்கே பஸ் ஏறிப் பாலக்கோட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. கண்ணில் மருந்து விடுகிறேன், தூசு ஆகாது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன், அடுத்த வெள்ளி போகலாம் என்று இரண்டு வெள்ளியைத் தள்ளினேன். மூன்றாவது வெள்ளி அவனுக்குப் பக்கவாதம். வலது பக்கம் முழுதும் விழுந்துவிட்டது, பேச்சு இல்லை. இங்கே தருமபுரியில்தான் பத்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள், நம் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரம், நான் கேட்வரை போய்த் திரும்பினேன், ஒரு தரம் இல்லை, நாலு தரம். நான் கோழை மகளே, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. போன வியாழக்கிழமைதான் பாலக்கோட்டில் அவன் வீட்டுப் படி ஏறினேன்.

உன் ஷகிலா சாச்சி என்னை உள்ளே வாங்க என்றாள், வேறு ஒன்றும் கேட்கவில்லை. கண் விஷயத்தை முதலில் அவளிடம்தான் சொன்னேன். கேட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவருக்கும் என்னமோ தெரிஞ்சிதுங்கண்ணே, அன்னிக்கு வூட்டுக்கு வந்ததும் சொன்னாரு, கோடு மாதிரி இருந்துச்சு, உறுதியா இல்லாம எப்படி சாட்சி சொல்றது, ரெண்டுல ஒண்ணு சொல்லுன்னாங்க, இல்லேன்னுட்டேன்னாரு, நீங்க எல்லாரையும் சிரிக்க வச்சதுக்கப்புறம் அவரு என்னை அதை வெளிய சொல்லவே விடல என்றாள். இரண்டு பேரும் பார்த்தது ஒன்றேதான் அன்ஜும். என்னமோ தெரிந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான் இரண்டு பேருக்கும். நான் அதை உண்டு என்றேன், அவன் இல்லை என்றான், அதற்குப் பதினெட்டு வருஷம் போய்விட்டது. அந்தக் கிரேக்கர்களைப் போல வாயைத் திறந்து தோன்றினதை மட்டும் சொல்லியிருந்தால் ஜமாஅத் இன்னொரு சாட்சியைத் தேடியிருக்கும், என் தம்பி என்னோடு இருந்திருப்பான்.

அவன் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, ஜாவீத், நான் பாத்தனா இல்லையான்னு எனக்கே தெரியலடா, உன்னைப் பாத்து எல்லாரையும் சிரிக்க வச்சது தப்புடா என்றேன். இடது கையைக் கொஞ்சம் தூக்கினான், மணிக்கட்டிலிருந்து இரண்டு முறை அசைத்தான். கிட்ட வரச் சொல்றாருங்கண்ணே என்றாள் ஷகிலா. அவர்கள் மகன் சோஹைல், இல்லம்மா, போகச் சொல்றாரு, அவருக்கு முடியல என்றான். ஒரே கையை இரண்டு பேரும் பார்த்தார்கள். ரெண்டில் ஒன்று சொல் என்று ஜாவீதிடம் கேட்கலாம் என்று நினைத்தேன், கேட்கவில்லை. தீர்ப்பை நிறுத்தினால் அமைதி வரும் என்றாயே, எனக்கு வரவில்லை, உன் புத்தகங்களில் இதற்கு ஏதாவது இருந்தால் எழுது. எனக்கு வா என்றுதான் தோன்றியது. தோன்றியது என்று மட்டும்தான் சொல்கிறேன், அதை வைத்துக்கொண்டு வெள்ளியும் போனேன், நேற்றும் போனேன், இன்றும் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டுப் போவேன்.

உன் பேராசிரியரோடு ஏதோ கருத்து வேறுபாடு என்றாய். வாதாடு, வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் கூட இருக்கிறவர்கள் அவரைப் பார்த்துச் சிரிக்கும்படி ஒரு வார்த்தை சொல்லிவிடாதே. இரண்டு சாக்ஸ் போட்டுக்கொள். சோஹைலுக்கு ஒரு போன் செய், சின்ன வயசில் உன் சைக்கிள் பின்னால் ஓடினவன்தான், கூச்சப்படாதே. அல்லாஹ் உனக்கு நல்ல கல்வியையும் நீண்ட ஆயுளையும் தரட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. இன்னும் ஒரு மாதத்தில் நோன்பு வருகிறது, அது முடிந்து பெருநாள் பிறைக்கு நான் மாடிக்கு ஏறப்போவதில்லை, ஜாவீத் வீட்டில் என்றைக்குப் பெருநாளோ அன்றைக்குத்தான் எனக்கும், அதுவரைக்கும் அவன் இருக்க துஆ செய்.

உன் அப்பா
அப்துல் ரஷீத்