சூட்டும் கான்வாஸ் ஷூவும்

அன்புள்ள அம்மாவுக்கு ஷெல்பி எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நின்றுகொண்டே சாப்பிடாதீர்கள். நான் நலம்.

வக்கீல் தேர்வில் முதல் நாள் முடிந்தது. நம் வர்ஜீனியாவில் சூட் போட்டுத்தான் எழுத வேண்டும் என்று சொன்னேன் இல்லையா? ஆனால் சூட்டுக்குக் கீழே எல்லோரும் கான்வாஸ் ஷூ போட்டிருந்தார்கள். நடந்தால் சத்தம் வரக்கூடாதாம். அவர்கள் வீட்டில் அப்பாவோ மாமாவோ வக்கீல், சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நீங்கள் வாங்கித் தந்த ஹீல்ஸோடு நான் நடந்ததும் மண்டபமே திரும்பிப் பார்த்தது.

"யாருடா குதிரைக்கு லாடம் அடிச்சு உள்ளே விட்டது?" என்றான் பக்கத்து மேசை பிரஸ்டன்.

"நிலக்கரிச் சுரங்க ஊர்க்காரிடா. அங்கெல்லாம் ஷூ போடறதே பெரிய விஷயம்," என்றாள், வாசலில் என் ஊர்ப் பெயரைக் கேட்டிருந்த அவன் தோழி.

ஹீல்ஸைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு எழுதினேன். ஆத்திரத்தில் கை நிற்கவே இல்லை. ஒரு கேள்வியையும் விடவில்லை.

வக்கீலாக நாணயமான ஆள்தானா என்று பார்க்கும் நடத்தை விசாரணையில் ஏற்கெனவே தேறிவிட்டேன். இதிலும் தேறினால் வக்கீல். இல்லையென்றால் அடுத்து பிப்ரவரியில் வரும் தேர்வு வரை மறுபடி ஓட்டலில் மேசை துடைக்க வேண்டும்.

நாளையும் வெறுங்கால்தான். ஏசியில் தரை சில்லென்று இருக்கிறது. உங்கள் கம்பளிக் காலுறையைக் கொண்டுவந்திருக்கலாம். நான் வரும் அன்று பீன்ஸும் சோள ரொட்டியும் செய்து வையுங்கள். இன்று இரவு போனில் இதையெல்லாம் சொல்ல மாட்டேன், சும்மா ஏதாவது பேசச் சொல்லி உங்கள் குரலைக் கேட்பேன்.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள். ஒன்று மட்டும். நாளை எழுதி முடித்ததும் அந்த ஹீல்ஸை மாட்டிக்கொண்டு, பிரஸ்டன் மேசையை ஒட்டி டக் டக்கென்று நடந்துதான் வெளியே போவேன். அவன் இன்னும் எழுதிக்கொண்டிருந்தால், மெதுவாகவே நடப்பேன்.

உங்கள் ஷெல்பி