கறையில் படித்த கன்னடம்

12-6-1955, ஞாயிறு

இன்று பெங்களூர் அடுகோடி பஸ் ஸ்டாப்பில் நாலு பேர் எதிரில் என் மூக்கு உடைந்தது. "எங்க கமலா கன்னட எழுத்து அத்தனையும் சொல்லும்" என்று பக்கத்து வீட்டு ராமண்ணாவிடம் பீற்றிக்கொண்டேன். வந்து நின்ற பஸ்ஸின் போர்டைக் காட்டி, "முதல் எழுத்து சொல்லு கண்ணு" என்றேன். மகள் வானத்தைப் பார்த்தாள்.

"என்ன ஸ்வாமி, பஸ்ஸே போயிடுச்சு. பாப்பா பாஸா, பெயிலா?" என்றார் ராமண்ணா.

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் இதைத்தான் கேட்பார்கள். தெரியாவிட்டால் மறுபடி ஒன்றாம் வகுப்புதான்.

வீட்டுக்கு வந்ததும் சோப்பு டப்பா அட்டையில் ராமண்ணா எழுதிக்கொடுத்த சீட்டுகளை எடுத்தேன். காட்டியவுடன் சொன்னால் ஒரு வேர்க்கடலை, அதுதான் எங்கள் ஆட்டம். கமலா படபடவென்று எல்லாவற்றையும் சொன்னாள்.

"எப்படிம்மா தெரியுது?"

"மூலை பிஞ்சது 'க'. எண்ணெய் பட்டது 'ம'. சீக்கிரம் சொன்னாத்தானேப்பா கடலை?"

என் மனைவி சிரித்த சிரிப்பில் பால் பொங்கி வழிந்தது. "நல்லா கத்துக் குடுத்தீங்க, கடலை தின்ன!"

பிறகு அவளே புது அட்டைகளை ஒரே அளவில் வெட்டினாள். ராமண்ணா ஒவ்வொரு எழுத்தையும் மூன்று சீட்டில், சின்னதும் பெரியதுமாக எழுதினார். அவசரமும் இல்லை, கடலையும் இல்லை. கமலா விரலால் வளைவைத் தடவித் தடவி, படுப்பதற்குள் ஒன்பது எழுத்தைச் சரியாகச் சொல்லிவிட்டாள். ராமண்ணாவே தலையாட்டினார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

விளக்கைத் தணிக்கும்போது மனைவி கேட்டாள்: "இத்தனை நாளா அது சொன்னது சரியா தப்பான்னு எதை வெச்சுங்க பார்த்தீங்க?"

கொட்டாவி விட்டேன். நானும் எண்ணெய்க் கறையைப் பார்த்துத்தான் என்று சொல்லவில்லை.