மார்கழியில் காயப்போட்ட செடி

வத்தலக்குண்டு,
2.2.2026

அன்பு மகள் கீர்த்தனாவுக்கு அப்பா எழுதுவது.

நானும் உன் அம்மாவும் இங்கே நடமாட்டத்தோடு இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் பனிக்கு விட்டு விட்டு வருகிறது. நீ அந்தக் கென்யாவில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? நேற்று போனில் உன் கன்னம் ஒட்டிப்போனது போலத் தெரிந்தது. கேட்டதற்கு வெளிச்சம் சரியில்லை என்று சொல்லிவிட்டாய்.

நேற்றுத்தான் பேசினோம், இன்றைக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் என்றால் பாதியிலேயே பேச்சை மாற்றிவிடுவேன். ஒரு மாதமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். லீவு முடிந்து வியாழக்கிழமை நியாஸ் விமானம் ஏறுகிறான். அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவன் அப்பா சேக் பரீதுக்கு, திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் தன் கமிஷன் கடையில் உட்கார வேண்டிய பிள்ளை உன்னோடு ரோஜாப் பண்ணையில் பெட்டி கட்டுகிறானே என்று இன்னும் மனத்தாங்கல்தான். வழியனுப்ப மட்டும் கொடைரோடு வரைக்கும் வருவாராம்.

சுற்றி வளைக்கவில்லை தாயி. உன் பாலிஹவுஸ் போய்விட்டது. பிளாஸ்டிக் கூரையும் குழாயும் அப்படியே நிற்கின்றன. உள்ளே ஜெர்பராச் செடி நூற்றுக்கு ஐந்துகூடத் தேறவில்லை. புயலும் இல்லை, பூச்சியும் இல்லை. நான்தான் காரணம்.

கார்த்திகை கடைசியில் மல்லித் தோட்டத்துக்கு வழக்கம்போல் தண்ணீரை நிறுத்தினேன். செடியைக் காயப்போட்டு, மார்கழியில் கிளையை வெட்டிக் கவாத்துப் பண்ணினால் மாசி பங்குனியில் அரும்பு தள்ளிக்கொண்டு வரும். நாற்பது வருசமாகக் கை தானாகச் செய்கிற வேலை. மார்கழியில் கல்யாணம் கிடையாது, காதுகுத்துக் கிடையாது, அந்த மாதத்தில் செடியும் மனுசனும் ஓய்வெடுக்கட்டும் என்றுதான் எங்கள் ஐயா காலத்திலிருந்து வைத்திருக்கிறோம். அன்றைக்கு உன் பாலிஹவுஸ் வழியாக வந்தேன். ஒரு வருசமாக ஒரு நாள் விடாமல் பூத்த செடிகள். பாவம், இதுகளுக்கு மட்டும் ஓய்வு வேண்டாமா என்று தோன்றியது. சொட்டுநீர் வால்வை மூடினேன். பத்து நாள் கழித்து இலையையெல்லாம் அடியோடு அறுத்துவிட்டேன், மல்லியை அறுக்கிற மாதிரி.

நீ எழுதி வாசலில் மாட்டியிருந்த தாள் இருந்ததே என்று கேட்பாய். தினமும் தண்ணீர், பழுத்த இலையை மட்டும் கிள்ள வேண்டும், குருத்தில் கை படக் கூடாது என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாய். நான் படிக்காமல் இல்லை. நீ கென்யாவுக்குப் போன மறு வாரமே அதைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டேன். பூப் பறிக்க வருகிற பெண்கள் அதைப் பார்த்து, அண்ணனுக்கு மக பாடம் எழுதிப் போட்டிருக்கு என்று சிரித்தார்கள். சிரிப்பில் ஒன்றுமில்லை, பிரியமான சிரிப்புத்தான். எனக்குத்தான் பொறுக்கவில்லை. என் வயசில் மண்வெட்டி பிடிக்க யார் எனக்குச் சொல்லித்தருவது என்கிற திமிர். வேறு பேர் அதற்குக் கிடையாது.

ஜெயமேரி ஒருத்திதான் வாயைத் திறந்தாள். "என்னண்ணே, எங்க கோயிலுக்குக் கிறிஸ்துமசுக்கு இந்தப் பூத்தான கேப்பாக, இப்பப் போயி மொட்டை அடிக்கிறீக" என்று கேட்டாள். பூப் பறிக்க வந்தவள் பூவை மட்டும் பறி என்று விரட்டினேன். மூன்று நாளில் சேக் பரீது போன் போட்டார். கொடைக்கானலில் ஒரு ஓட்டலுக்குக் கிறிஸ்துமசிலிருந்து புது வருசம் வரைக்கும் தினமும் ஜெர்பரா வேண்டுமாம். மார்கழியில் எவன் பூக் கேட்பான் என்று நான் சிரித்தேன். "சுருளிவேலு, நீங்க எந்தக் காலத்துல இருக்கீங்க? இப்ப நமக்கு மார்கழியில ஒரு சீசன், பிப்ரவரி பதினாலுக்கு ஒரு சீசன்" என்றார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. கவாத்துப் பண்ணியிருக்கிறேன், தையில் தருகிறேன் என்றேன். ஜெர்பராவையா என்று மட்டும் திருப்பிக் கேட்டார்.

அவர் கேட்ட விதத்தில் பதறிப்போய் ஓடினேன். குருத்து வாடிக் கிடந்தது. மோட்டாரைப் போட்டு ஓஸ் பைப்பை வைத்துப் பாத்தி பாத்தியாகத் தண்ணீரைப் பாய்ச்சினேன். அது இரண்டாவது முட்டாள்தனம். வாடினதோடு விட்டிருந்தால் பாதியாவது பிழைத்திருக்கும். தேங்கின தண்ணீரில் குருத்தெல்லாம் அழுகி, கையால் தொட்டால் கழன்று வந்தது. கிறிஸ்துமசுக்கு ஓசூர்ப் பூ பெட்டி பெட்டியாக வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் இறங்கி மலைக்குப் போனதை நானே நின்று பார்த்தேன்.

தொட்டி ஓரத்தில் ஒரே ஒரு பாத்தி மட்டும் தப்பியது. அங்கே குழாய் இணைப்பு ஒழுகும், அதைச் சரிபண்ணச் சொல்லி நீ எத்தனை தரம் சொன்னாய். நான் சரிபண்ணவில்லை. அந்த ஒழுகலில் அதுகள் பிழைத்துக்கொண்டன. அறுக்கும்போதும் அந்த மூலை கைக்கு எட்டாமல் விட்டுப்போனது. நாலு ஞாயிறாக நீ போனில் பார்த்தது அந்தப் பாத்தியைத்தான். ஏன்ப்பா எப்பப் பார்த்தாலும் அதே இடத்தில நிக்கிறீங்க என்று நீ கேட்டாய். சிக்னல் இங்கேதான் கிடைக்கிறது என்றேன். உன் அம்மா முதல் இரண்டு வாரம் போனைப் பிடித்தாள். மூன்றாவது வாரம், "இதுக்கு மேல புள்ளகிட்டச் சிரிக்க என்னால ஏலாது, நீங்களே பிடிச்சுக்கங்க" என்று அடுப்படிக்குள் போய்விட்டாள். அதிலிருந்து அவள் என்னோடு அதிகம் பேசுவதில்லை. சாப்பாடு போடுகிறாள், வெஞ்சனம் வேண்டுமா என்று கேட்கிறாள், அவ்வளவுதான்.

இன்னும்கூட மூடி மறைத்திருப்பேன். போன புதன்கிழமை நியாஸ் வீட்டுக்கு வந்தான். அங்கே சாப்பாட்டு வேளையில் நீ, நான் போனில் காட்டிய பாத்தியின் படத்தை எல்லாருக்கும் காட்டுகிறாயாமே. எங்கள் வெயிலூரில், மல்லிக்காரர் ஒருவர் ஜெர்பரா எடுத்திருக்கிறார், அது எங்கள் அப்பா என்று அந்த வெள்ளைக்கார மேனேஜரிடம்கூடக் காட்டினாயாம். அதைப் பார்க்க வேண்டும் மாமா என்று ஆசையாகக் கேட்டான். கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே வந்தவன் கடைசி வரைக்கும் நடந்துபோய்த் திரும்பி வந்தான். வெளியே வந்து செருப்பை மாட்டும்போதுதான் சொன்னான்: "மாமா, நான் அவகிட்டச் சொல்ல மாட்டேன். ஆனா அவ ராஜினாமா லெட்டர் எழுதி வச்சிட்டா. வர்ற பிப்ரவரிக் கடைசியில குடுக்கப்போறா. இதை நம்பித்தான் வாரா. நீங்கதான் சொல்லணும்."

சித்திரையில் வந்துவிடுகிறேன், இரண்டாவது பாலிஹவுஸ் போடலாம் என்று நீ சொன்னபோதெல்லாம் நான் உம் கொட்டிக்கொண்டே இருந்தேனே, அதுதான் பெரிய பாவம். செடியைக் கொன்றது தெரியாமல் செய்தது. இது தெரிந்தே செய்தது.

உன்னை வேலையை விடாதே என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இங்கே நிலவரமும் உனக்குத் தெரிய வேண்டும். கல்யாண மண்டபங்களில் முக்கால்வாசி பிளாஸ்டிக் பூ ஏறிவிட்டது. வாசல் வளைவுக்குப் பிளாஸ்டிக், மேடையில் மட்டும் ஜெர்பராவும் கார்னேசனும், மாலைக்கு மட்டும் நம் சம்பங்கியும் மல்லியும். அலங்காரக்காரப் பையன்கள் மார்க்கெட் பக்கமே வருவதில்லை, போனிலேயே பெங்களூரில் விலை கேட்டு வரவழைத்துவிடுகிறார்கள். அதே சமயம் பிறந்த நாளுக்குக் கொத்து, பதவி உயர்வுக்குக் கொத்து, ஆஸ்பத்திரிக்குப் போனால் கொத்து என்று திண்டுக்கல்லில் காம்போடு பூ விற்கிற கடை நாலைந்து வந்துவிட்டது. நீ சொன்னது எதுவும் பொய்யாகவில்லை. பூவைக் கிலோவில் எடை போடாமல் காம்பு காம்பாக எண்ணி வாங்கும் காலம் வருமப்பா என்றாய். வந்துவிட்டது. அதற்கு நான்தான் வந்து சேரவில்லை.

அதனால் வேலையை விடாதே என்று எழுதுகிறேன். எழுதிய கை ஒப்பவில்லை. நீ வந்தால் நன்றாக இருக்கும். பாலிஹவுசுக்காக இல்லை. நீ வந்து என்னைத் திட்ட வேண்டும். சின்ன வயசிலிருந்து நீ என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பயம்தான் போலிருக்கிறது. இல்லாவிட்டால் அதே மூலை ஏன் என்று கேட்டவள், பொய் சொல்லாதீங்க என்றும் சொல்லியிருப்பாய். வருவதா இருப்பதா என்பதை நீயே முடிவு செய். என் முகத்துக்காக இரண்டில் எதையும் செய்யாதே.

அழுகிய செடியை இன்னும் பிடுங்கவில்லை. உன்னைக் கேட்காமல் அதில் இனி கை வைக்க மாட்டேன். ஜெயமேரி வீட்டுக்கு நேற்றுச் சாயங்காலம் போய் மன்னிப்புக் கேட்டேன். காப்பி கொடுத்தாள். உன் அம்மாவுக்கு இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்து என்னிடம் கொடுத்து, எழுத்து கோணலா இருக்கு, திருத்தி எழுதுங்க என்றாள்.

சனிக்கிழமை இது உன் கைக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை நான் தொட்டிப் பக்கம் நிற்க மாட்டேன். வாசலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு பாத்தியாகக் காட்டிக்கொண்டு நடப்பேன். நீ ஒன்றும் சொல்ல வேண்டாம் தாயி. அழுதாலும் பரவாயில்லை. நான் கடைசிப் பாத்திக்குப் போய்ச் சேருகிற வரைக்கும் போனை மட்டும் வைத்துவிடாதே.

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா,
சுருளிவேல்