நான் கட்டிப் பார்க்காத தண்ணீர்

செல்லூர்,
1936, ஆவணி 12

என் மகன் சோலைக்கு, அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் தங்கச்சியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், ரங்கூனில் நீயும் அப்படியே இருக்க அழகர் துணை செய்யட்டும். தங்கச்சி ஒச்சம்மாளை ஆனையூரிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள், தை பிறக்கட்டும் என்று சொல்லியிருக்கிறோம். வழக்கமாகத் தபால்காரரிடம் சொல்லித்தான் எழுத வைப்பேன், இதைச் சொல்ல நாக்கு எழவில்லை, அதனால் எழுத்து கோணலானாலும் நானே எழுதுகிறேன்.

ஷேக் தாவூது முதலாளி வீட்டு மச்சில் குளிக்கும் அறைக்கு நீ சாந்து பூசி முடித்துவிட்டுத்தானே கப்பல் ஏறினாய். போகும்போது, "தண்ணி போற தூம்ப அடைச்சு ரெண்டு நாளு தண்ணி கட்டி, கீழ ஒழுகலன்னு பாத்துட்டுக் கல்லு பதிங்கப்பா" என்று சொன்னாய். மகள் சாதிகா பிரசவத்துக்கு வருகிறாள், சீக்கிரம் முடி என்று முதலாளி அவசரப்படுத்தினார், நானும் தண்ணீர் கட்டாமலே கல் பதித்துவிட்டேன். அவர் கேட்டபோது பார்த்தாயிற்று என்று பொய்யும் சொன்னேன். கீழறையில் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தவள் மேல் பத்தாம் நாளே கூரை சொட்டி, பச்சைப்பிள்ளைக்குச் சளி கட்டி மூச்சுத் திணறிவிட்டது. முதலாளி நாலு பேர் முன்னால், "ஒம் மகன் பூசுன லட்சணத்தப் பாத்தியா" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன், அவன் மேல் தப்பில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையப்பா. ரங்கூனில் கட்டட வேலை எடுத்துச் செய்யும் தன் தம்பி முகம்மது கனிக்கும் உன்னைச் சேர்க்க வேண்டாமென்று எழுதிவிட்டார். கனி காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்பினார் என்று எழுதியிருந்தாயே, காரணம் நான்தான்.

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா கேட்டாள், சொன்னேன். "பிள்ள பேரக் கெடுத்துட்டு இங்க ஒக்காந்து திங்கிறீகளா" என்று எழுந்து போய்விட்டாள். மறுநாளே முதலாளியிடம் கேட்டுக்கொண்டு கல்லைப் பெயர்த்துத் தண்ணீர் கட்டினேன். உன் பூச்சில் மயிரிழை வெடிப்பில்லை. கல் பதிக்குமுன் தூம்போரம் சரிசெய்தபோது என் உளி பட்ட இடத்தில்தான் கீறல், அதன் வழியாகத்தான் இறங்கியது. அதே நாலு பேரையும் வைத்துக்கொண்டு முதலாளியிடம் காட்டிச் சொன்னேன். அவர் கத்தவில்லை. "எம் பேரன் மூச்சுக்குத் தவிச்சப்பக்கூட வாயத் தொறக்கலயே கண்ணுச்சாமி" என்றார். பிள்ளை தேறிவிட்டான். கீறலை அடைத்து, மூன்று நாள் தண்ணீர் கட்டிப் பார்த்து, கல் பதித்துக் கொடுத்தேன். இனி என்னை அந்த வீட்டு வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள், அது நியாயம்தான்.

கனிக்கு மறுபடி எழுதுவதாக முதலாளி சொல்லியிருக்கிறார். அதற்குக் காத்திராமல் இந்தக் கடிதத்தையே கனி கையில் கொடு, அப்பன் மானம் போகுமே என்று மறைத்து வைக்காதே. அங்கே மழை விடாதாமே, நனைந்துகொண்டு வேலை பார்க்காதே. நீ எந்தக் குறையுமில்லாமல் நல்லா இருக்க வேண்டும். எனக்குப் பதில் எழுத மனம் வராவிட்டால் அம்மாவுக்காவது இரண்டு வரி எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா
கண்ணுச்சாமி