மே மாதத்தில் எடுத்த அழுகண்ணிப் படம்

என் அண்ணியே, என் வகுப்புக்காரியே,

அண்ணனைக் கட்டிக்கொண்டதால் அண்ணி ஆனாய். அதற்கு முன்பே தாவரவியல் வகுப்பில் என் பக்கத்து இருக்கை உன்னுடையது. அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன்.

சேதி இதுதான்: அவரை மாட்டிவிட்டேன். ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறது.

உன் ஆய்வு வழிகாட்டியைத்தான் சொல்கிறேன். நீ காய்ச்சலில் எங்களை விட்டுப் போய்ச்சேர்ந்த பிறகு வீட்டுக்கு வந்து, "பத்திரமா வச்சிருக்கேம்மா" என்று உன் கணினியில் இருந்ததையெல்லாம் வாங்கிப்போனார். அண்ணன் கும்பிட்டுக் கொடுத்தான். திருப்பருத்திக்குன்றம் தாண்டி ஏரிக்கரையில், தறியில் மிஞ்சின பட்டு நூலால் சதுரம் கட்டி, அதற்குள் முளைத்த ஒவ்வொரு செடியையும் நீ எண்ணிய வேலை அது. இந்த வருடம் தாவர ஆய்வாளர்கள் கூடிய கூட்டத்தில் அதைத் தன் ஆய்வு என்று வாசித்தார். நன்றி சொல்லும் இடத்தில்கூட உன் பெயர் இல்லை. எப்படி மனசு வந்தது அந்த மனுஷனுக்கு?

திரையில் அழுகண்ணி வந்தது. இலைப் பசையில் பூச்சி பிடிக்குமே, அந்தச் சின்னச் சிவப்புச் செடி. அதைப் படம் எடுக்க ஈர மண்ணில் குப்புறப் படுத்துப் புடவையை நாசமாக்கினாய். நான் எழுந்தேன்.

"சார், இத எந்த மாசத்துல எடுத்தீங்க?"

"மே மாசம்மா. லீவு அப்பதானே வுடுறாங்க. வெயில்ல வெந்துக்கினு நானே போய் எடுத்தேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மழைக்குப் பின் முளைத்து, வெயில் ஏறியதும் கருகிப்போகும் செடி அது. அந்த அரங்கில் இருந்தவர்களுக்கு அதை விளக்கவே வேண்டியதில்லை. இவர் ஒருநாளாவது ஏரிக்கரையில் குனிந்திருந்தால்தானே தெரியும்?

திருச்சியிலிருந்து வந்த பெண் ஒருத்தி போனைத் தூக்கிக் காட்டினாள். "இதே படத்த அக்கா மார்கழில எனக்கு அனுப்பினாங்க, பேர் சரியான்னு கேட்டு." இன்னொருவர் எழுந்து இன்னொரு படத்தைக் காட்டினார். உன் முகத்தைக்கூடப் பார்க்காதவர்கள், உனக்காக உலர்செடி மாதிரிகளைப் புரட்டிப் பெயர் கண்டுபிடித்துத் தந்தவர்கள், ஒவ்வொருவராக எழுந்தார்கள். கூட்டம் நடத்தியவர்கள் அவர் கட்டுரையைத் தள்ளிவிட்டார்கள். அவர்கள்மேலும் எனக்குக் கோபம் உண்டு. நிகழ்ச்சி நிரலில் அவர் தலைப்பைப் பார்த்து நான் முன்பே புகார் சொன்னபோது, "பெரியவரு, வுட்டுடும்மா" என்றவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

போன வாரம் அவர் பழத்தட்டோடு வீட்டுக்கு வந்தார்.

"ரெண்டு பேர் பேரையும் சேத்துப் போட்டுக்கலாம்மா. என் மானமும் கொஞ்சம் மிஞ்சும்."

"காபி போடும்மா" என்றான் அண்ணன். அவன் குணம் உனக்குத் தெரியும். நான் போடவில்லை. பழத்தையும் அவர் கையிலேயே கொடுத்து அனுப்பினேன். இரக்கமில்லாதவள் என்பாயா? சொல்லிக்கொள்.

இந்த மழை முடிந்ததும் அந்தத் திருச்சிப் பெண்ணும் மற்றவர்களும் காஞ்சிபுரம் வருகிறார்கள். நீ எண்ணாமல் விட்ட சதுரங்களை எண்ணி முடிக்கப் போகிறோம். ஆய்வு உன் ஒருத்தி பெயரில்தான் வரும். அடுத்த கூட்டத்தில் அதை நான் வாசிப்பேன். அவருக்கு முதல் வரிசையில் இடம் போடச் சொல்லிவிட்டேன். உன் பெயரைச் சொல்லி நிறுத்துவேன். அவர் எழுந்து கைதட்டும்வரை அடுத்த வரிக்குப் போக மாட்டேன். இது சத்தியம்.

விட்டுக்கொடுக்கத் தெரியாத உன் நாத்தனார்,
செல்வி